ஊடகத்தைக் கவனிக்க ஒரு பிரிவு: எவ்வளவு செலவு, எதற்காக?

கேள்வி இது: “பத்திரிகை, தொலைக்காட்சி, ஃபேஸ்புக் எல்லாவற்றையும் நாள் முழுக்கப் பார்ப்பதற்கென்றே சிங்கப்பூர் அரசாங்கம் ஆள் வைத்திருக்கிறதாமே? ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி கட்டுகிறோம், அந்தக் காசு இதற்கா போகிறது? எவ்வளவு ஆகும்? அதுதான் ஏஐ வந்துவிட்டதே, ஆள் எதற்கு? இது வேவு பார்ப்பது ஆகாதா? அப்புறம், தமிழ் படித்த என் தங்கைக்கு அங்கே வேலை கிடைக்குமா?”

ஒரே மூச்சில் ஆறு கேள்வி. நான் பல வருடம் இந்த வேலையைச் செய்தவன், அதனால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அரசாங்க ஊழியனாக இல்லை. அமைச்சுகளுக்கும் அரசாங்கக் கழகங்களுக்கும் இந்தச் சேவையை விற்கிற ஒரு தனியார் நிறுவனத்தில் தமிழ்ப் பகுதி என் பொறுப்பில் இருந்தது.

முதலில் வேலை எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் செலவுக் கணக்கு புரியாது.

நான் சேர்ந்தபோது எல்லாம் காகிதம். விடிகாலை நாலரைக்கு நம் தமிழ் நாளிதழ் தமிழ் முரசு வரும், இரண்டு பிரதி. ஒன்று போதாதா என்று நானும் முதல் நாள் கேட்டேன். வெட்ட வேண்டிய செய்தியின் முதுகிலேயே இன்னொரு வெட்ட வேண்டிய செய்தி அச்சாகி இருக்கும், ஒரு பிரதியில் இரண்டையும் எடுக்க முடியாது என்றார் கூட இருந்தவர். இரும்பு ஸ்கேல், பிளேடு, பசை, தேதி முத்திரை. வெட்டியதை ஏ4 தாளில் ஒட்டி, மேலே பத்திரிகைப் பெயரும் பக்க எண்ணும், கீழே ஆங்கிலத்தில் மூன்று வரிச் சுருக்கம். நடுநடுவே வானொலிச் செய்தியைக் கேட்டு அதற்கும் மூன்று வரி. ஏழு மணிக்கு ஃபேக்ஸில் போய்விட வேண்டும். எட்டு மணிக்கு அதை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் அலுவலகத்துத் தொடர்பு அதிகாரி தன் மேலதிகாரி முன்னால் நிற்பார். ஏழே காலுக்குப் போனால் அந்த அறிக்கைக்கு மதிப்பே கிடையாது.

பிறகு ஸ்கேனர் வந்தது, மின்னஞ்சல் வந்தது, இப்போது மென்பொருளே இணையத்தில் தேடி எடுத்துக் கொடுக்கிறது. மூன்று வரிச் சுருக்கம் மட்டும் போகவில்லை. மேலே இருப்பவருக்கு வேண்டியது அதுதான். “நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள், அது சரியா, பதில் சொல்ல வேண்டுமா?”

சரி, காசு. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு நாற்காலியில் இரவும் பகலும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை நியமனச் சட்டத்தில் வழக்கமான வேலை நேரத்துக்கு உச்சம் வாரத்துக்கு 44 மணி. வகுத்தால் 3.8 ஆள். விடுப்பு, எம்சி என்கிற மருத்துவ விடுப்பு, பொது விடுமுறை, தீபாவளிக்கு முதல் நாள் திடீரென்று வரும் வயிற்றுவலி எல்லாம் சேர்த்தால் ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர். ஆளுக்கு மாதம் 5,000 வெள்ளி என்று பேச்சுக்கு வைத்தால் வருடத்துக்கு 300,000. முதலாளி கட்டும் மத்திய சேமநிதி 17 விழுக்காடு, அது 51,000. ஆக 351,000 வெள்ளி. நான்கு அதிகாரத்துவ மொழிக்கும் ஒவ்வொரு நாற்காலி என்றால் 1.4 மில்லியன். போனஸ், இடவாடகை, மென்பொருள் சந்தா, செய்தியை நகலெடுத்து விநியோகிக்கப் பதிப்பாளருக்குக் கட்டும் உரிமத்தொகை எல்லாம் தனி. சம்பளம் நான் போட்ட உத்தேச எண்தான், நீங்கள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர் என்பது எந்தச் சம்பளத்திலும் மாறாது. மென்பொருளைவிட ஆளுக்குத்தான் செலவு என்று நான் சொல்வது இதனால்தான்.

இது பெரிய தொகையா? தமிழ் முரசு உள்ளிட்ட நாளிதழ்களை வெளியிடும் எஸ்பிஎச் மீடியாவுக்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை, ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாக 2022ல் அரசாங்கம் அறிவித்தது. அதை வைத்துப் பார்த்தால் என் கணக்கில் வரும் தொகை அதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. உங்கள் ஜிஎஸ்டி பணம் இதில் கரையவில்லை, நிம்மதியாக இருங்கள். ஆனால் தொகை சின்னது என்பதற்காகக் கேள்வி கேட்கக் கூடாது என்று இல்லை. 2023ல் அதே நிறுவனத்தின் விற்பனை எண்ணிக்கை நாளொன்றுக்கு 85,000 முதல் 95,000 பிரதி வரை கூட்டிக் காட்டப்பட்டிருந்தது என்று வெளியானபோது என்னைப் போன்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம். “இந்தச் செய்தி எத்தனை பேரை எட்டியது” என்று எங்கள் அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நாங்கள் எதை வைத்து நிரப்பினோம் என்று நினைக்கிறீர்கள்?

அதைவிட மோசமான கட்டம் ஒன்று உண்டு. “விளம்பர மதிப்பு” என்பார்கள். வந்த செய்தி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பெருக்கி, “இந்த மாதம் உங்களுக்கு இத்தனை லட்சம் வெள்ளிக்கு இலவச விளம்பரம்” என்று வாடிக்கையாளரிடம் காட்டுவது. திட்டி எழுதிய செய்தியையும் சேர்த்தே அளந்தவர்கள் உண்டு! 2010ல் பார்சலோனாவில் இந்தத் தொழில்காரர்களே கூடி, இது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று கொள்கையாகவே எழுதி வைத்தார்கள். அதற்கப்புறமும் சில வருடம் நான் ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டார், கொடுத்தோம்.

செலவை நீங்களே பார்க்கவும் வழி இருக்கிறது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தோடு வெளிவரும் மதிப்பீட்டுப் புத்தகத்தில் “ஊடகக் கண்காணிப்பு” என்று ஒரு வரியைத் தேடாதீர்கள், அமைச்சின் நிர்வாகச் செலவுக்குள் அது கரைந்திருக்கும். வெளியாரிடம் வாங்கும் சேவை என்றால் ஏல அழைப்பு ஜெபிஸ் (GeBIZ) என்கிற அரசாங்கக் கொள்முதல் தளம் வழியாகத்தான் போக வேண்டும். யாருக்கு, எவ்வளவுக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்பது அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் அட்டவணையாகவே இருக்கிறது. இறக்கிக்கொண்டு, விவரிப்புப் பத்தியில் ஊடகக் கண்காணிப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். உள்ளேயே ஆள் வைத்துச் செய்யும் வேலைக்கு அப்படி ஒரு அட்டவணை கிடையாது. தகவல் பெறும் உரிமைச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. அதற்கு மிஞ்சுவது நாடாளுமன்றம். வரவுசெலவு விவாதத்தில் ஒவ்வொரு அமைச்சின் ஒதுக்கீட்டிலும் 100 வெள்ளியை வெட்டச் சொல்லி உறுப்பினர்கள் தீர்மானம் கொடுப்பார்கள். 100 வெள்ளி பெயருக்குத்தான், அதைச் சாக்காக வைத்துக் கேள்வி கேட்பது நடைமுறை. கேள்வியும் பதிலும் நாடாளுமன்றப் பதிவில் ஏறிவிடும். உங்கள் தொகுதி எம்பியிடம் மக்கள் சந்திப்பு நாளில் சொல்லி வையுங்கள்.

இனி, எதற்காக என்பது. வானொலி வந்த காலத்திலிருந்தே அரசாங்கங்கள் இதைச் செய்கின்றன. 1939ல் பிபிசி மற்ற நாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டு எழுத ஒரு பிரிவைத் தொடங்கியது. 1941ல் அமெரிக்காவும் தொடங்கியது. 1962 அக்டோபர் 28 அன்று கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்பப் பெறுகிறோம் என்று சோவியத் தலைவர் குருஷேவ் எழுதிய கடிதம், தூதரக வழியில் போனால் தாமதமாகும் என்று மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கப்பட்டது. கேட்டு மொழிபெயர்க்க அந்நேரத்தில் ஆள் உட்கார்ந்திருந்ததால்தான் அமெரிக்க அதிபர் கென்னடிக்குச் சீக்கிரம் எட்டியது. அந்த ஒரு காலைக்காக எத்தனை வருடம் வெறும் அறுவடைப் புள்ளிவிவரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ!

தமிழுக்கும் இதில் பழைய கதை உண்டு. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர்கள் சுதேசிப் பத்திரிகைகளைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கி வாராவாரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தார்கள். யார் ராஜத்துரோகம் எழுதுகிறார் என்று பார்ப்பதுதான் நோக்கம். பத்திரிகைகள் பல அழிந்து போயின, அறிக்கைகள் ஆவணக்காப்பகத்தில் தப்பித்துக் கிடக்கின்றன. அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை என்ன எழுதியது என்று தேடும் ஆய்வாளர்கள் இன்றைக்கும் ஒற்றர் எழுதிய சுருக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். ஆறு மணிக்குப் பசை நாற்றத்தோடு நான் எழுதிய மூன்று வரியையும் எவராவது ஒரு நாள் புரட்டுவார் என்று அப்போது தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் கொஞ்சம் ஒழுங்காக எழுதியிருப்பேன்.

இங்கே, நம் ஊரில், பயன் எங்கே தெரிகிறது? அன்றாடம் தெரியாது. ஒரு கழகத்தின் கட்டண உயர்வைப் பற்றித் தப்பான எண் அச்சாகிவிட்டது என்றால், எட்டு மணிக்குள் தெரிந்தால் அன்றைக்கே திருத்தம் கேட்கலாம், மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் ஊரே தப்பான எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். 2019 அக்டோபரில், இணையத்தில் பரவும் பொய்த் தகவலுக்கு எதிரான பொஃப்மா சட்டம் நடப்புக்கு வந்த பிறகு இது இன்னும் கூடியது. திருத்த உத்தரவு போடுவது அமைச்சர், ஆனால் அந்தப் பதிவு அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் அதைப் பார்த்துத் தொலைத்திருக்க வேண்டும்.

பிடிபடாமல் போவதும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை. பேருந்து விபத்தில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் இறந்தார், சுற்றி இருந்த கூட்டம் கலவரமானது. விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்தில் பரவிய தவறான எண்ணங்கள் ஆத்திரத்தைக் கிளப்பின என்று பிறகு விசாரணைக் குழு சொன்னது. அந்தப் பேச்சு பரவியது தமிழில், ஆள் வாயிலிருந்து ஆள் வாய்க்கு, நிமிடக் கணக்கில். எந்தக் கண்காணிப்புப் பிரிவாலும் அதைப் பிடித்திருக்க முடியாது. 2020ல் கொவிட் காலத்தில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் மூடப்பட்டுக் கிடந்தபோதும் அதே கதைதான், இம்முறை வாட்ஸ்அப் குரல்பதிவாக. வெளியே இருப்பவர் பார்க்க முடியாத இடம் அது. பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். அங்கே உதவியது விடுதிக்குப் போய்த் தமிழில், வங்காளத்தில் பேசிய மனிதர்கள்தான். காசு மிச்சமிருந்தால் அங்கே போடலாம் என்பது என் கட்சி.

தமிழ் நாற்காலிக்கு வரும் ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு செய்தி வந்தாலும் நாற்பது வந்தாலும் படிக்கிற ஆளின் சம்பளம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் செய்திக்கு இவ்வளவு என்று வகுத்தால் மலிவாகத் தெரியும், தமிழில் வகுத்தால் பயங்கரமாகத் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, பத்து வருடத்துக்கு முன்னால் 3.3. செலவைக் குறைக்க உட்காரும் கூட்டத்தில் இந்த எண் மேசைக்கு வரும், தமிழ் “தேவைப்பட்டால் மட்டும்” என்று ஆகிவிடும். அந்தக் கணக்கெடுப்பு சிங்கப்பூரர்களையும் நிரந்தரவாசிகளையும்தான் எண்ணுகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் வெளிநாட்டு ஊழியர்கள், அதில் இல்லை.

இப்போது ஏஐ. தேடுசொல் போட்டுத் தேடும் எந்திரத்துக்குத் தமிழ் கொஞ்சம் தண்ணி காட்டும் மொழி. “அமைச்சு” என்று தேடினால் “அமைச்சின்”, “அமைச்சுக்கு”, “அமைச்சிடம்”, “அமைச்சிலிருந்து” எல்லாம் வர வேண்டும், அமைச்சரைப் பற்றியது வரக் கூடாது. ஊர்ப்பெயர் அதைவிட மோசம். பொங்கோல், புங்கோல் இரண்டும் ஒரே இடம். ஈசூன், யீஷூன், ஈஷுன், எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள், அவரவர் விருப்பப்படி. ஜிஎஸ்டி ஏற்றத்தின்போது இந்த மாதிரி ஒரு கருத்து ஓடியது: “ரொம்ப சந்தோஷம் ஐயா, இன்னும் ஏத்துங்க, நாங்க காத்தைக் குடிச்சு வாழ்ந்துக்கிறோம்.” எங்கள் மென்பொருள் அதற்குப் பச்சைப் புள்ளி வைத்தது, ஆதரவுக் கருத்தாம். “சந்தோஷம்” என்ற சொல்லைப் பார்த்துவிட்டது. புதிய மென்பொருள்கள் இதில் எவ்வளவோ தேறிவிட்டன, மறுக்கவில்லை. ஆனால் 2014ல் லாவ் பா சாட் உணவு நிலையத்துக்குப் போகும் வழிகாட்டிப் பலகையில் “சாட்” என்பதைச் சனிக்கிழமை என்று நினைத்து “சனி” என்று தமிழில் எழுதி வைத்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைந்ததும் அதே ஆண்டுதான். சும்மா நம்பச் சொன்னால் நம்ப மாட்டோம்.

மனிதர் மட்டும் தப்பு செய்யாதவரா என்று கேட்பீர்கள். செய்வார், அதுவும் எந்திரம் செய்யாத மாதிரி. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஆங்கிலத்திலேயே வளர்ந்தவள், கெட்டிக்காரி. “உதவி கேட்டவர்களிடம் நிர்வாகம் கைவிரித்தது” என்று ஒரு தலைப்பு. அவள் எழுதிய சுருக்கம்: உதவி கேட்டவர்களை நிர்வாகம் இரு கை விரித்து வரவேற்றது. ஆறே முக்காலுக்கு நான் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருந்தால் அந்த அலுவலகம் அன்று காலை தன்னைத்தானே பாராட்டிக்கொண்டிருக்கும், கதவுக்கு வெளியே ஆட்கள் கோபத்தோடு நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது சம்பளம்.

வேவு பற்றி. அச்சானதை, ஒலிபரப்பானதை, எல்லாரும் பார்க்கும்படி போட்டதைப் படிப்பது வேவு இல்லை. உங்கள் அப்பா காப்பிக்கடையில் செய்வதும் அதுதான். என்ன சொன்னார்கள் என்பதிலிருந்து யார் சொன்னார்கள் என்பதற்கு அறிக்கை நகரும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், எங்களைக் குறை சொல்லி அடிக்கடி எழுதுபவர்களின் பெயரை மாதாமாதம் பட்டியலாகக் கொடுங்கள் என்றார். வாசகர் கடிதம் எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதில் பாதி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முதலாளி கொடுக்கச் சொன்னார். நான் தலைப்பு வாரியாகப் பிரித்துக் கொடுத்தேன், பெயரில்லாமல். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

மற்ற நாட்டில் இந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்ததற்கும் தாண்டியதற்கும் உதாரணம் வேண்டுமா? இந்தியாவில் 2018ல் சமூக ஊடகங்களைக் கவனிக்க ஒரு மையம் அமைக்க மத்திய அரசு ஏலம் கோரியது. கண்காணிப்பு அரசாகிவிடும் போலிருக்கிறதே என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆகஸ்ட் மாதமே திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் பொய்ச் செய்தியைக் கவனிக்க அமைத்த பிரிவு, எம்பிக்களும் பத்திரிகையாளர்களும் அரசை விமர்சித்து எழுதியவற்றையும் சேர்த்து வைத்திருந்தது 2023ல் வெளியே வந்தது. அதே ஆண்டு அந்தப் பிரிவுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள்.

ஆகவே எம்பியிடம் கேட்பதாக இருந்தால் “எவ்வளவு செலவு” என்பதோடு நிறுத்தாதீர்கள். எழுதியவர் பெயர் அறிக்கையில் போகிறதா, எத்தனை வருடம் வைத்திருக்கிறார்கள், வெளி நிறுவனம் செய்தால் ஒப்பந்தம் முடிந்ததும் அந்தத் தரவு யாரிடம் இருக்கும் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு என் காலத்தில் எங்களிடமே தெளிவான பதில் இல்லை. அலமாரியில் கிடந்தது, அவ்வளவுதான்.

தங்கைக்கு வேலை. கிடைக்கும். பட்டத்தைவிட வேகம் முக்கியம். நேர்காணலில் ஒரு செய்தியைக் கையில் கொடுத்து, பத்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதச் சொல்வார்கள். இலக்கியம் படித்தவர்கள் முதல் தடவை ஒன்பது வரி எழுதுவார்கள். தினமும் தமிழ் முரசில் ஒரு செய்தி, மீடியாகார்ப்பின் ‘செய்தி’ இணையத்தளத்தில் ஒன்று என்று எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பழகச் சொல்லுங்கள். அதே செய்தி ஆங்கிலப் பத்திரிகையில் எப்படி வந்திருக்கிறது என்று ஒப்பிட்டும் பார்க்கட்டும், எதை விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மரியாதை. காலை வேலைநேரம் நாலரைக்கு ஆரம்பித்தால் அந்நேரத்துக்கு ரயில் ஓடாது. டாக்சிக் காசு யார் தருவது என்று கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்டு முதல் இரண்டு மாதம் என் கையிலிருந்து கொடுத்தேன்.